ஆர்டுயினோ மென்பொருளின் மொழிகள்

ஆர்டுயினோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகைக்கு நிரல் எழுதி ஏற்றும் மேசைக்கணினி மென்பொருளின் வேர் வட இத்தாலியின் இவ்ரேயா நகரில் இருக்கிறது. ஒலிவெட்டி தட்டச்சுப்பொறியால் பெயர்பெற்ற ஊர் அது. 2000-களின் தொடக்கத்தில் அங்கிருந்த வடிவமைப்புக் கல்வி நிலையத்தில் பேசிக் ஸ்டாம்ப் என்ற பலகையே புழக்கத்தில் இருந்தது. அடிப்படைப் பாகங்களோடு சேர்த்தால் அதன் விலை ஏறக்குறைய 100 டாலர் வரை போனது. அதன் மென்பொருளோ விண்டோஸையே நம்பியிருந்தது. வடிவமைப்பாளர்கள் வைத்திருந்ததோ மெக்கின்டாஷ். மென்பொருள் எந்தக் கணினியிலும் ஓட வேண்டும் என்ற தேவை இப்படித்தான் எழுந்தது.

அதற்கு ஜாவா மொழி வந்து சேர்ந்தது. தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, முன்னோர் சொத்தாக வந்தது என்பதே பொருந்தும். எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001-இல் தொடங்கிய பிராசசிங் என்ற நிரலாக்கச் சூழல், ஜாவாவில் எழுதப்பட்டது. அதன் நிரல் எழுதும் முகப்பை எடுத்துக்கொண்டு எர்னாண்டோ பரகான் 2003-இல் இவ்ரேயாவில் தம் முதுகலை ஆய்வாக வயரிங் என்ற தளத்தை உருவாக்கினார். அதிலிருந்து 2005-இல் மாசிமோ பன்சி முதலானோரின் ஆர்டுயினோ கிளைத்தது.

சன் நிறுவனத்தின் ஜாவா, ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்ற உறுதிமொழியோடு வந்த மொழி. சன்னல்கள், பொத்தான்கள் வரை அது ஓரளவு மெய்தான். ஆனால் அதன் அடிப்படை நூலகத்தில், பலகையோடு பேசத் தேவையான சீரியல் போர்ட்டுக்கு இடமே இல்லை. அந்தக் குறையை ஆர்எக்ஸ்டிஎக்ஸ் என்ற நூலகம் நிரப்பியது. அதன் அடிப்பாகம் சி மொழியில் இருந்ததால், ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியே தொகுக்க வேண்டியிருந்தது. பின்னர் ஆர்டுயினோ மென்பொருளின் 1.5 வரிசையில் அதன் இடத்துக்கு ஜேஎஸ்எஸ்சி நூலகம் வந்தது. நிரலை எந்திரமொழியாக்கும் ஏவிஆர்-ஜிசிசி, பலகையில் ஏற்றும் ஏவிஆர்டியூட் இரண்டும் ஜாவாவுக்கு வெளியே இருந்த தனிக் கருவிகள். ஜாவா அவற்றை ஏவியது, அவ்வளவே.

இயங்குதளங்களின் வேறுபாடுகள் மொழியை மாற்றினால் தீர்பவை அல்ல. விண்டோஸில் காம்3 என்றிருக்கும் போர்ட்டுக்கு லினக்ஸில் வேறு பெயர். அங்கு பயனர் டயல்அவுட் போன்ற குழுவில் இல்லையென்றால் அதைத் திறக்கவே அனுமதி கிடைக்காது. 2012-இல் வந்த லியோனார்டோ பலகை இன்னும் விசித்திரம். நிரல் ஏற்றுவதற்காகப் போர்ட்டை 1200 பாட் வேகத்தில் திறந்து மூடினால் பலகை தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளும். போர்ட் மறைந்து சிறிது நேரத்தில் மீண்டும் தோன்றும், சில வேளை வேறு பெயரில். மென்பொருள் காத்திருந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

2018-இல் ஆர்டுயினோ நிறுவனம் தொகுப்பதையும் ஏற்றுவதையும் தனியே பிரித்து, கட்டளைவரிக் கருவியாக வெளியிட்டது. அதற்குக் கோ மொழி. கோ நிரல், தனி இயக்கச்சூழல் எதையும் கேட்காத ஒரே கோப்பாக அமைகிறது. ஒரு கணினியில் இருந்தபடியே பிற இயங்குதளங்களுக்கும் பெரும்பாலும் தொகுத்துவிடலாம். ஜாவாவையும் கூடவே கட்டிச் சுமந்த காலத்தோடு ஒப்பிட்டால் பெரிய விடுதலை. சுமை முகப்பின் பக்கம் நகர்ந்தது: 2022 செப்டம்பரில் வந்த மேசைக்கணினி மென்பொருளின் 2.0 பதிப்பில் சன்னல்கள் டைப்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டு எலக்ட்ரான் என்ற சட்டகத்தில் ஓடுகின்றன. அதற்காக ஒரு முழு உலாவியின் எந்திரமே உள்ளே போகிறது.

ஏவிஆர் சில்லு கொண்ட யூனோ போன்ற பலகைகளுக்கு நிரலை ஏற்றும் வேலை மட்டும் கைமாறவில்லை. கோ மொழிக் கருவியும் அதற்குச் சி மொழியில் எழுதப்பட்ட ஏவிஆர்டியூடையே அழைக்கிறது.