மின்மடலைச் செல் அரிக்குமா? திஸ்கி மடல்களும் க்னூஸ் வாசிப்பானும்

மின்மடலைச் செல் அரிக்குமா என்று கேட்டால் நகைப்போர் உண்டு. அரிக்கும் என்பதே நம் பட்டறிவு. ஏட்டில் செல் அரித்த இடம் ஓட்டையாகத் தெரியும். மின்மடலிலோ எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும், படிக்கத்தான் முடியாது.

2003ஆம் ஆண்டு, முதுகலைத் தமிழ் முடித்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பிய புதிதில், தொலைபேசிக் கம்பிவழி இணைப்போடு ஒரு கணினி நம் வீட்டிற்கு வந்தது. அக்காலத்து மடலாடற்குழு ஒன்றின் வாயிலாக, கனடாவில் குடியேறியிருந்த ஈழத்துப் பெரியவர் ஒருவர் அறிமுகமானார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். குழுவில் தொடங்கிய உரையாடல் தனிமடலாக வளர்ந்து 2006 வரை நீடித்தது. கரிசல்காட்டுச் சொற்கள்மீது அவருக்குத் தீராத ஆசை. கண்மாய்க்கும் ஊருணிக்கும் என்ன வேறுபாடு, வானம் பார்த்த நிலத்தில் குதிரைவாலியை எப்போது விதைப்பீர்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். பதிலுக்கு வன்னிக் குளங்களைப் பற்றியும் யாழ்ப்பாணத்துத் துலாவைப் பற்றியும் எழுதுவார். 2009இல் அவர் மறைந்தார். அவருடைய மடல்கள் ஒரே கோப்பாகக் குறுந்தகட்டில் இருந்தன. 2021இல் அதைத் திறந்தபோது, ஒரு வரியும் தமிழாக இல்லை.

அம்மடல்களை நமக்கு மீட்டுத் தந்தது க்னூஸ் என்னும் கட்டற்ற மென்பொருள். அதன் வரலாற்றையும், அதைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வரும் நம் மாணவர் ஒருவரின் அனுபவத்தையும் எழுதி வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திஸ்கி காலம்

மின்மடலுக்கான பழைய விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. அது ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் அடங்கிய 128 குறிகளை மட்டுமே அறியும். பிறமொழி எழுத்துகளுக்கும் படங்களுக்கும் வழிசெய்த மைம் என்னும் நெறிமுறை 1992இல்தான் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் இணையத்தில் எழுதிய தமிழர் பலர் ரோமன் எழுத்தில் தமிழை எழுதிச் சமாளித்தனர். யூஸ்நெட் செய்திக்குழுக்களில் தமிழ்ப் பண்பாட்டுக்கென இருந்த குழுவிலும் அந்நிலையே.

பிறகு எழுத்துருக்கள் வந்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அளித்த மயிலை போன்றவற்றால் தமிழைத் தமிழாகவே எழுத முடிந்தது. ஆயினும் ஒவ்வோர் எழுத்துருவும் தன் போக்கில் எழுத்துகளை அடுக்கியிருந்தது. ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க அதே எழுத்துரு தேவைப்பட்டது. இச்சிக்கலைத் தீர்க்க, பல நாடுகளில் இருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்மடல் வழியாகவே கலந்துபேசி வகுத்த தகுதரம்தான் திஸ்கி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்கள் பலவற்றைத் திஸ்கியில்தான் முதலில் வெளியிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் வேறு இரு தகுதரங்களும் வந்தன. ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தது. எனினும் விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் வந்த பின்னரே அது மெல்லப் புழக்கத்திற்கு வந்தது.

திஸ்கியில் ஆங்கிலம் தன் பழைய இடத்திலேயே இருக்கும். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய மேல்பாதி இடங்களில் தமிழ் குடியேறியிருக்கும். இக்குடியேற்றத்தை மின்மடலின் தலைப்பகுதி பெரும்பாலும் அறிவிப்பதில்லை. ஆகவே திஸ்கி எழுத்துரு இல்லாத கணினி அதை ஐரோப்பிய மொழி என்றே எண்ணிக்கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லின் முதலெழுத்து ‘முக்கால்’ என்னும் பின்னக்குறியாகத் தோன்றும். இகரக் குறி அமெரிக்கச் சில்லறை நாணயமான சென்டின் குறியாக மாறும். இகர உயிருக்குத் தரப்பட்ட இடம், ஐரோப்பிய அட்டவணையில் வரிமுடிவில் சொல்லை ஒடிக்கும் மென்கோட்டுக்கு உரியது. சில செயலிகள் அவ்வெழுத்தைக் காட்டாமலே விழுங்கிவிட்டன. நம் குறுந்தகட்டில் நேர்ந்தது இதுவே.

க்னூஸின் பிறப்பு

யூஸ்நெட் 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோரால் திட்டமிடப்பட்டு, 1980இல் இயங்கத் தொடங்கியது. பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்ட குழுக்களில் எழுதப்படும் செய்திகள் ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குக் கைமாறிச் செல்லும். நாள்தோறும் வந்து குவியும் செய்திகளை வகைப்படுத்திப் படிக்க ‘செய்தி வாசிப்பான்’ என்னும் மென்பொருள்கள் தோன்றின.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட க்னூ ஈமாக்ஸ் ஓர் உரைத்தொகுப்பி. அதன் பெரும்பகுதி லிஸ்ப் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. பயன்படுத்துவோர் அதை இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றிக்கொள்ளலாம். 1980களின் இறுதியில் ஜப்பானியரான மசனோபு உமேதா, ஈமாக்ஸுக்குள் இயங்கும் செய்தி வாசிப்பானாக க்னூஸை எழுதினார். ‘க்னூ’, ‘நியூஸ்’ ஆகிய இரு சொற்களையும் வைத்து விளையாடிய பெயர் அது. 1994இல் நார்வே நாட்டு லார்ஸ் மாக்னே இங்கெப்ரிக்ட்சன் அதை அடியிலிருந்து திருப்பி எழுதத் தொடங்கினார். 1995 நவம்பரில் அப்புதிய வடிவம் ஈமாக்ஸோடு சேர்ந்தே வெளிவந்தது.

இங்கே ஜப்பானியரின் பங்கு தனித்துக் குறிக்கத்தக்கது. ஆங்கில எழுத்துகளுக்குள் அடங்காத மொழியைக் கொண்ட அவர்கள், ஈமாக்ஸைப் பன்மொழிக்கு விரித்து ‘மியூல்’ என்னும் கிளையை உருவாக்கினர். 1997இல் வந்த ஈமாக்ஸின் 20ஆம் பதிப்பில் அது மூலத்தோடு இணைந்தது. மூலநிரல் திறந்திருந்தமையால், தம் மொழிக்கு வேண்டியதைச் செய்ய அவர்கள் எவருடைய இசைவுக்கும் காத்திருக்கவில்லை. தமிழுக்கு ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய ஆண்டுகளோடு இதை ஒப்பிட்டால் பாடம் விளங்கும்.

ஒரு நிரலரின் பட்டறிவு

நம் மாணவர் திருச்சுழியை அடுத்துக் குண்டாற்றங்கரையில் உள்ள சிற்றூரைச் சேர்ந்தவர். கணினி அறிவியல் படித்தவர். பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தில் நம்மிடம் பயின்றவர். சென்னையில் நிரலராகப் பணிபுரிந்த அவர், 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்குத் திரும்பி, வீட்டுத் திண்ணையிலிருந்தே வேலை பார்த்தார். அப்போதுதான் க்னூஸ் பற்றி அவர் சொல்லக் கேட்டோம்.

2012இல் அதைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, முதல் மாதம் முழுவதும் மடல் படித்ததைவிட அமைப்புக் கோப்பு எழுதியதே மிகுதி என்றார். க்னூஸுக்கு மடலும் செய்தியும் ஒன்றுதான். வரும் மடல்களை அவரே எழுதிய விதிகளின்படி குழுக்களாகப் பிரித்து வைக்கும். ஒவ்வொரு மடலுக்கும் மதிப்பெண் உண்டு. ஒருவர் எழுதியதை நாம் தொடர்ந்து படித்தால் அவர் மதிப்பெண் ஏறும். படிக்காமல் தள்ளினால் இறங்கும். இந்நாளைய சமூக ஊடகங்களும் இவ்வாறே நம் விருப்பத்தைக் கணிக்கின்றன. ஆனால் அவற்றின் கணக்கு நமக்குத் தெரியாது. க்னூஸின் மதிப்பெண் பட்டியலோ வெற்று உரைக்கோப்பு. திறந்து படிக்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம்.

ஊரில் அலைபேசிச் சமிக்ஞை மாலையில் சற்று வலுக்கும், பகலில் அற்றுப்போகும். இணைப்பு இருக்கும்போது மடல்களை இறக்கி வைத்து, இல்லாதபோது படித்து, எழுதிய பதிலை அடுத்த இணைப்பு வரை காத்து வைக்கும் வசதி க்னூஸில் உண்டு. “நம்ம ஊருணி மாதிரிதாங்கய்யா. பெய்யறப்போ பிடிச்சு வச்சுக்கிட்டா, காயறப்போ கவலையில்லை” என்றார் அவர். அவரது உவமையைத் திருத்த நமக்குத் தோன்றவில்லை.

குறைகளையும் மறைக்கவில்லை. பெரிய அஞ்சற்பெட்டியைத் திறக்கும்போது ஈமாக்ஸ் முழுவதுமே சிறிது நேரம் உறைந்து நிற்கும். பெருநிறுவன அஞ்சல் சேவைகள் கடவுச்சொல் முறையை மாற்றியபோது மீண்டும் இணைக்கப் பெரும்பாடு பட்டார். படமும் வண்ணமுமாக வரும் விளம்பர மடல்கள் அதில் அலங்கோலமாகத் தெரியும். ஒருமுறை அவரது கைப்பிழையால் இழப்பும் நேர்ந்தது. செய்தித்தாளைப் படித்தபின் கழிப்பதுபோல், படித்த மடலைக் காலாவதியாக்கும் பழக்கம் க்னூஸுக்கு உண்டு. அதன் பொருளை முழுதும் உணராமல் ஒரு குழு முழுமைக்கும் அவ்விதியை இட்டுவிட்டார். படித்து ஒரு வாரமான மடல்கள் நீங்கிவிட்டன. அதுமுதல் எதை வைப்பது, எதை விடுவது என்று தாமே குறியிடுகிறார். முழு உரிமை தரும் கருவி முழுப் பொறுப்பையும் தருகிறது என்பதை அன்றுதான் அறிந்தாராம்.

மடல் திறந்த மாலை

குறுந்தகட்டைப் பற்றிச் சொன்னதும், “ஐயா, அந்தக் கோப்புல எதையும் மாத்திச் சேமிச்சுராதீங்க. அப்படியே குடுங்க” என்றார். க்னூஸ் அக்கோப்பை ஒரு குழுவாகத் திறந்தது. தலைப்புகளும் தேதிகளும் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே பின்னக்குறிகளும் நாணயக்குறிகளும். அவர் இரண்டு நாளில் நாற்பது வரி அளவில் ஒரு நிரல் எழுதினார். திஸ்கி இடம் ஒவ்வொன்றுக்கும் நேரான ஒருங்குறி எழுத்தைக் குறிக்கும் அட்டவணை அதில் இருந்தது. அது மட்டும் போதாது. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுவது. ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியில் மெய் முதலில் வர வேண்டும். அந்த வரிசைமாற்றத்தையும் சேர்த்தார்.

மடலைத் திரையில் காட்டுமுன் அதன் தோற்றத்தைச் சீர்செய்வதை க்னூஸின் கையேடு ‘கழுவுதல்’ என்றே சொல்கிறது. கழுவப்படுவது திரையில் தெரியும் படி மட்டுமே, மூலக்கோப்பு தொடப்படுவதில்லை. உ.வே.சா. வழிவந்த பதிப்புக்கலையைப் பாடமாக நடத்தும் நமக்கு இது மிகப் பிடித்திருந்தது. நம் வாசிப்புப் பிழையெனப் பின்னர் தெரியவந்தால், சுவடிக்குத் திரும்பிப் போகலாம்.

மாலையில் முதல் மடல் தமிழாக எழுந்தது. பெரியவரின் குரல் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கேட்டது. அதைவிட வியப்பு ஒன்று காத்திருந்தது. 2004இல் கமலை இறைப்பு பற்றி அவர் கேட்டிருந்தார். நாம் நம் தாத்தாவிடம் அமர்ந்து கேட்டு, கூனை, வடம், வால்கயிறு, உருளை எனத் தொடங்கிக் கமலையின் உறுப்புகளுக்கு எல்லாம் பெயர் எழுதி அனுப்பியிருந்தோம். அம்மடலின் படி நம்மிடம் இல்லை. தாத்தா அடுத்த ஆண்டே போய்விட்டார். க்னூஸில் ஒரு விசையை அழுத்தினால், பதில்மடலிலிருந்து அதன் மூலமடலுக்குச் செல்லலாம். மாணவர் அழுத்தினார், மூலமடல் அகப்படவில்லை. ஆனால் பெரியவர் தம் பதிலில் நம் வரிகளை மேற்கோளாக அப்படியே விட்டு, ஒவ்வொன்றின் கீழும் யாழ்ப்பாணத்து வழக்கை எழுதியிருந்தார். மேற்கோள் வரிகளை க்னூஸ் வேறு வண்ணத்தில் காட்டியது. அவ்வண்ணத்தில் இருந்தவை தாத்தாவின் சொற்கள்.

வளையாபதி முழுநூலாக நமக்குக் கிட்டவில்லை. உரையாசிரியர்களும் தொகுப்பாசிரியர்களும் எடுத்தாண்ட செய்யுள்களாகவே எஞ்சியுள்ளது. ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்கிறோம். நம் வீட்டிலும் அது நடந்திருக்கிறது.

மேற்கோளில் சில இகரங்கள் விழுந்திருந்தன. ‘இறைப்பு’ என்பது ‘றைப்பு’ என நின்றது. நிரலிலேயே ஊகித்து நிரப்பிவிடலாமா என்று மாணவர் கேட்டார். வேண்டாம் என்றோம். விடுபட்ட இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அடிக்குறிப்பில் நம் ஊகத்தை எழுதிக்கொண்டோம். இரண்டு சொற்களுக்கு இன்னும் விடை தெரியவில்லை. கேட்கத் தாத்தாவும் இல்லை, பெரியவரும் இல்லை.

க்னூஸை எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. நாமே இன்றும் மாணவரின் துணையின்றி அதில் இரண்டடி நடக்க மாட்டோம். ஆனால் எழுதியவரும் மறைந்து, எழுதிய எழுத்துருவும் வழக்கொழிந்த பின் ஒரு மடலைப் படிக்க வேண்டுமானால், உள்ளே கைவைக்க இடம் தரும் வாசிப்பான் ஒன்று எங்கேனும் இருக்க வேண்டும். 1990களின் இறுதியிலும் 2000களிலும் மடலாடற்குழுக்களில் எழுதிய நண்பர்கள் இதைப் படித்தால், தம் பழைய குறுந்தகடுகளையும் வன்தட்டுகளையும் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டுகிறோம். திறந்ததும் கிறுக்கலாகத் தெரிந்தால் அழித்துவிட வேண்டாம். மாற்றிச் சேமிக்கவும் வேண்டாம். அப்படியே ஒரு படி எடுத்து வையுங்கள். அதற்குள் யாருடைய தாத்தாவின் சொற்கள் மேற்கோளாக இருக்கின்றனவோ, யாரறிவார்.