எங்கள் ஊர் ரேந்தை வந்த கதை

என் மாமியார் நாற்பது வருஷத்துக்கு மேல் ரேந்தை பின்னியவர்கள். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு முழம் ரேந்தைகூடக் கிடையாது. 2008-ல் கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அப்போதுதான் என் நாத்தனாருக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. பார்க்கப் போகணும். கடையில் வாங்குவதைவிட நாமே ஒரு சட்டை தைச்சுக் கொண்டுபோகலாம் என்று மல் துணி வெட்டி வைத்துவிட்டு, “மாமி, கழுத்துல வைக்க கொஞ்சம் ரேந்தை பின்னித் தாங்க” என்று கேட்டேன்.

“நூலுக்கு எங்க மக்ளே போக? அது அவங்க நூலுல்லா” என்றார்கள்.

எனக்கு அப்போது புரியவில்லை. பொறவுதான் தெரிந்தது. ஏஜென்ட் வந்து நூலை எடைபோட்டுக் கொடுப்பார். பின்னி முடித்ததும் ரேந்தையையும் மிச்ச நூலையும் சேர்த்து எடைபோட்டு வாங்கிப் போவார். குறைந்தால் கூலியில் பிடிப்பார். அதனால் நாற்பது வருஷத்தில் சொந்தப் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ ஒரு விரல் அகல ரேந்தைகூட மாமி வைத்துக் கொடுத்ததில்லை. அந்தச் சட்டைக்குக் கடைசியில் நான் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய மிஷின் லேசைத்தான் வைத்துத் தைத்தேன். மாமி பக்கத்தில் உட்கார்ந்து ஒண்ணும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம்ம கூட்டமைப்பு மலருக்கு வீட்டுக் கைவேலை பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரணும் என்று தலைவி அக்கா சொன்னபோது இதுதான் முதலில் ஞாபகம் வந்தது. நான் பத்தாம் வகுப்பு வரைதான் படிச்சவள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வரலாறு டீச்சர் ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் கேட்டும், அவர் தந்த புத்தகங்களைப் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ரேந்தை என்பதே நம்ம சொல் இல்லையாம். போர்ச்சுகீசியர் வாயிலிருந்து வந்தது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அப்படி வந்த சொற்கள்தானாம். படித்த பிள்ளைகள் இப்போது லேஸ் என்கிறார்கள். மாமிக்கு அது என்றைக்கும் ரேந்தைதான்.

ஆனால் திண்டு வைத்துப் பின்னுகிற இந்த வேலை நாகர்கோவில் பக்கம் பரவியது இருநூறு வருஷத்துக்கு முன்னால், லண்டன் மிஷன்காரர்கள் வந்த பிறகு. அப்போது நம்ம ஊர் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது நமக்கெல்லாம் தெரியும். சார்லஸ் மால்ட் என்ற மிஷனரியும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மா பெண்பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் நடத்தினார். பெண்பிள்ளையைப் படிக்க வைப்பதா என்று யாரும் அனுப்பாத காலம். படிப்போடு கைவேலையும் சொல்லிக் கொடுத்து, அதில் வருகிற காசில் பள்ளிக்கூடமும் நடந்தது, பிள்ளைகள் கையிலும் கொஞ்சம் சேர்ந்தது.

அந்த வேலை எப்படி என்று இளம் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். வைக்கோல் இறுக்கி அடைத்த கெட்டித் திண்டு ஒன்று. அதன்மேல் பூவோ கொடியோ புள்ளி புள்ளியாகத் துளைபோட்ட அட்டை. பென்சில் கனத்தில் சின்ன மரக்குச்சிகள், ஒவ்வொன்றிலும் நூல் சுற்றியிருக்கும். ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டு, ஒரு நேரத்தில் நாலு குச்சியைக் கையில் எடுத்து, ஒன்றை ஒன்றின்மேல் தாண்டவிடணும், பிறகு முறுக்கணும். இந்த இரண்டே அசைவுதான். அட்டையில் துளை வரும் இடத்தில் குண்டூசி குத்தி நூலை நிறுத்தணும். சின்னப் பூவுக்கே இருபது முப்பது குச்சி வேணும். மாமி கை ஓடும்போது குச்சிகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம் சோளப்பொரி பொரிகிற மாதிரி இருக்கும். வெள்ளை நூல் என்பதால் கையில் வியர்வை இருக்கக்கூடாது. மீன் நறுக்கிவிட்டு வந்து தொடமுடியாது. அடுப்பு வேலை, ஆட்டுக்குத் தழை, பிள்ளைக்குச் சோறு எல்லாம் முடித்துக் கை கழுவித்தான் உட்காரணும்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்த விஷயம்.

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கி அடிமையாக வைத்திருந்தார்கள். வயலோடு சேர்த்து ஆளையும் விற்பார்கள். ரேந்தை பின்னிய பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, எஜமானுக்கு விலை கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறையை அரசு ஒழித்தது 1855-ல்தான். அரசாங்கம் விடுவதற்கு முன்னாலேயே குச்சியும் நூலும் வைத்து விடுதலை வாங்கியவர்கள் நம்ம பக்கத்துப் பெண்கள். நாம் மாதம் நூறு ரூபாய் சேமிப்புக் கட்டவே அலுத்துக்கொள்கிறோம், நான் உட்பட.

இன்னொன்றும் உண்டு. இங்கே பின்னிய ரேந்தை சீமைக்குப் போனது. 1851-ல் லண்டனில் நடந்த பெரிய உலகக் கண்காட்சியில் நாகர்கோவில் ரேந்தையும் இருந்தது. வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துப் பட்டையிலும் கைநுனியிலும் நம்ம பிள்ளைகளின் பின்னல் ஏறியது. ஆனால் பின்னிய பிள்ளைகளின் அம்மைமார் மேல்துணி போட முடியாத காலம் அது. நாடார் பெண்களும் அதற்கும் கீழே என்று ஒதுக்கப்பட்ட சாதிப் பெண்களும் இடுப்புக்குமேல் மறைக்கக்கூடாது என்பது அன்றைய வழக்கம். ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ 1814-ல், கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். குப்பாயம் என்றால் தொளதொளவென்று கை வைத்த சட்டை. மிஷன் வீட்டுப் பெண்கள் அதை வெட்டித் தைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களை 1822-ல் கல்குளம், இரணியல் பக்கங்களில் அடித்துத் துணியைக் கிழித்தார்கள். கலகம் விட்டு விட்டு நடந்தது. 1859 ஜூலையில்தான் மகாராஜா உத்திரம் திருநாள் நாடார் பெண்கள் மேல் உடுப்புப் போட அனுமதித்து உத்தரவிட்டார். அதிலும் உயர்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை.

இதைப் படித்த அன்றைக்கு நான் ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். அளவு சரியில்லை என்று எத்தனை ரவிக்கையை மூலையில் போட்டிருக்கிறோம் நாம்!

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1822-ல் பிறந்தவர். இங்கேயே வளர்ந்ததால் தமிழ் நல்லாப் பேசுவார். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லைக் கல்யாணம் பண்ணி இடையன்குடிக்குப் போனார். அவர் கையோடு ரேந்தைத் திண்டும் திருநெல்வேலிச் சீமைத் தேரிக்காட்டுக்குப் போனது. கால்டுவெல் ஐயாவுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை இருக்கிறது. எலைசா அம்மா கற்றுக்கொடுத்த வேலையை இடையன்குடிப் பெண்கள் பல தலைமுறை செய்தார்கள். பிறகு முளகுமூடு கன்னியர் மடத்திலும் ரேந்தையும் எம்ப்ராய்டரியும் வளர்ந்தது. அங்கே வந்தவர்கள் பெல்ஜியம் நாட்டுச் சகோதரிகள்.

மிஷனரி அம்மாமார் பெயர் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. பின்னிய ஒரு பெண்ணின் பெயரை நான் பார்த்த புத்தகத்தில் காணோம். விலை பேசியதும் கணக்கு எழுதியதும் அவர்களில்லை, அதனால் இருக்கும்.

எங்கள் கதையும் அப்படித்தான் இருந்தது. 2013-ல் ஒரு மேசைவிரிப்புக்குச் சுற்றுக்கரை பின்ன மாமியும் நானும் பக்கத்து வீட்டு மைனியும் 26 நாள் உட்கார்ந்தோம். கிடைத்தது 1,800 ரூபாய். குழுக்கூட்டத்தில் எங்கள் ஊக்குநர் அதைக் கணக்குப் போட்டார். ஆளுக்கு நாளொன்றுக்கு 23 ரூபாய். அவர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினதும் ஒருத்தரும் பேசவில்லை. அப்போது நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாலே இதைவிடப் பல மடங்கு கிடைத்திருக்கும். கூட்டிக் கேட்டபோது ஏஜென்ட் சிரித்துவிட்டு, “இஷ்டமிருந்தா பின்னுங்க” என்றார். அடுத்த இரண்டு மாதம் எங்கள் தெருவுக்கு நூல் வரவில்லை. குழுவில் இரண்டு பேர் பயந்து அவரிடமே திரும்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒருத்திக்கு அந்த மாதம் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்.

மீதிப் பேர் குழுவில் 3,000 ரூபாய் உள்கடன் எடுத்து நாகர்கோவில் போய் நாங்களே நூல் வாங்கினோம். விற்பதில் ஆரம்பத்தில் ரொம்பத் திண்டாடினோம். முதல் வருஷம் கண்காட்சி ஸ்டாலில் மூணு கைக்குட்டையும் ஒரு தலையணை உறையும்தான் போனது. இப்போது கல்யாணத்துக்குப் பரிசு கொடுக்க, ஞானஸ்நானச் சட்டைக்கு, மேசை விரிப்புக்கு என்று கேட்டு வருகிறார்கள். எத்தனை நாள் வேலை என்பதைச் சொல்லித்தான் விலை சொல்கிறோம். பேரம் பேசுகிறவர்களைத் திண்டு முன்னால் பத்து நிமிஷம் உட்காரச் சொல்வது எங்கள் மைனியின் வழக்கம்.

முதல் நூல் வாங்கி வந்த அன்று ஒரு கண்டை மாமியிடம் கொடுத்தேன். அதற்குள் அவர்களுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. ஒரு கண் ஆபரேஷன் முடிந்து, மற்றது பாக்கி. பார்க்காமல் கை தடவியே குண்டூசித் துளையைக் கண்டுபிடித்து, மூணு வாரத்தில் ஒரு சாண் நீளம் பின்னினார்கள். அங்கங்கே பிசகு இருக்கத்தான் செய்கிறது. நாத்தனாரின் இரண்டாவது பிள்ளையின் சட்டையில் அது ஏறியது. முடித்த பிறகு மிச்ச நூலை உருட்டி என்னிடம் நீட்டி, “இத திருப்பிக் குடுக்காண்டாமா?” என்று கேட்டார்கள்.

“வேண்டாம் மாமி, நம்ம நூலு” என்றேன். வாங்கிப்போய் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

நம்ம கூட்டமைப்பு அக்காமார், தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய திண்டோ குச்சியோ துளைபோட்ட அட்டையோ கிடந்தால் விறகோடு போட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். எங்களிடம் பதினோரு மாதிரி அட்டைதான் இருக்கிறது. மாமி சின்ன வயதில் பின்னிய அன்னாசிப் பூ அட்டை எங்கேயும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், படி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.