உச்சவரம்பும் திட்டிவாசலும்

உச்சவரம்பு என்றதும் நமக்கு நிலம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்திலோ அது ஆட்டக்காரர் ஊதியத்திற்கு இடப்பட்ட வரம்பு. செல்வ வளமிக்க நகரங்களின் அணிகளே சிறந்த ஆட்டக்காரர் அனைவரையும் வாரிக்கொள்ளாதிருக்கவே இவ்வேற்பாடு என்பர். வரலாற்றைப் புரட்டினால் கதை சற்று வேறாக இருக்கிறது.

முதற்பருவமான 1946-47இலேயே அணி ஒன்றுக்கு 55,000 டாலர் என்று ஒரு வரம்பு இருந்து, அப்பருவத்தோடு மறைந்தது. பின்னர் நெடுங்காலம் அதற்குத் தேவை எழவில்லை. ஆட்டக்காரர் தாம் விரும்பிய அணிக்குச் செல்ல இயலாதவாறு ஒப்பந்தங்களே அவர்களைக் கட்டிவைத்திருந்தன. அதனை எதிர்த்து 1970இல் ஆஸ்கர் ராபர்ட்சன் வழக்குத் தொடுத்தார். 1976இல் சமரசம் ஏற்பட்டுக் கட்டுத் தளர்ந்தது, ஊதியமும் ஏறியது. நட்டத்தில் தவித்த உரிமையாளர்கள் 1983இல் ஆட்டக்காரர் சங்கத்தோடு பேசி முடித்தனர்: வருவாயில் 53 விழுக்காடு ஆட்டக்காரர்களுக்கு, மாற்றாக, ஊதியத்திற்கு வரம்பு. 1984-85இல் அது அணிக்கு 36 இலட்சம் டாலர். ஆகவே, இதனைப் பெற்றெடுத்தது சமநிலை வேட்கையன்று, கணக்கேட்டின் அச்சமே என்பது நமது துணிபு.

கோட்டைக் கதவைச் சாத்தும்போதே திட்டிவாசலையும் திறந்துவைத்தார்கள். ஓர் அணி தன் சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம். பாஸ்டனின் லாரி பேர்ட் பெயரால் இவ்விலக்கு வழங்குகிறது. 1980 முதல் 1989 வரையிலான பத்துப் பட்டங்களில் எட்டினை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸும் பாஸ்டனுமே பகிர்ந்துகொண்டன. 1997-98இல் அணி முழுமைக்குமான வரம்பு 2.69 கோடி டாலர். மைக்கேல் ஜோர்டான் ஒருவர் பெற்றதோ 3.3 கோடி!

1998இல் உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்தனர். 82 ஆட்டங்கள் கொண்ட பருவம் 50 ஆகச் சுருங்கியது. 1999இல் பிறந்த புதிய ஒப்பந்தம் தனியொருவர் ஊதியத்திற்கும் வரம்பிட்டது. சமநிலைக்குப் பெருங்கேடு இதுவே எனக் கருதுகிறோம். தலைசிறந்தவருக்கும் அவருக்கு அடுத்தவருக்கும் ஏறத்தாழ ஒரே ஊதியம் என்றால், தலைசிறந்தவரைப் பெற்ற அணிக்கு அவர் மலிவாகக் கிடைத்த சரக்கு. வேறெங்கும் பெரிதாகக் கூடுதல் கிடைக்காத அவரோ, வெல்லும் அணியைத் தேடிப் போகிறார். 2016இல் தொலைக்காட்சிப் பணம் பெருகி, வரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது. அப்பருவத்தில்தான் 73 ஆட்டங்களை வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் அணிக்குக் கெவின் டுரான்ட்டையும் சேர்த்துக்கொள்ள இடம் கிடைத்தது. 2017, 2018 பட்டங்கள் இரண்டும் அதற்கே.

2019 முதல் 2025 வரை ஏழாண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் பட்டம் வென்றன. மில்வாக்கி, ஓக்லஹோமா சிட்டி போன்ற சிறு நகரங்களும் அவற்றுள் அடக்கம். மிகைச் செலவு அணிகளை இறுக்கும் புதிய ஒப்பந்தம் 2023இல்தான் வந்தது என்பதால், இவ்வேழினையும் அதன் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அதன் கை எத்துணை வலியது என்பதற்குப் பாஸ்டன் சான்று. 2024இல் பட்டம் வென்ற அவ்வணி, மறு ஆண்டே ஜ்ரூ ஹாலிடேயையும் போர்சிங்கிஸையும் ஊதியச் சுமை கருதி வேறு அணிகளுக்கு அனுப்பியது.