சிறு மின்மோட்டார்களின் வேகக் கட்டுப்பாடு

பொம்மைக் கார், மாதிரி ரயில், பள்ளி மாணவர் செய்யும் ரோபோ ஆகியவற்றில் பொருத்தப்படும் நிலைக்காந்த நேர்மின் மோட்டார்களின் சுழல்வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் கையாளப்படும் முறைகள் இத்தலைப்பில் அடங்கும். மோட்டார் சுழலும்போது அதன் கம்பிச்சுருளில், ஊட்டப்படும் மின்னழுத்தத்துக்கு எதிரான ஓர் அழுத்தம் பிறக்கிறது. எதிர் மின்னியக்கு விசை எனப்படும் இது வேகத்துக்கு நேர்விகிதத்தில் வளர்வதால், ஊட்டும் அழுத்தத்தை மாற்றினால் வேகமும் மாறுகிறது.

இவ்வுண்மையைப் பெருந்தொழிலில் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பொறியாளர் ஹாரி வார்டு லியோனார்டு. மோட்டாருக்கென்று தனி மின்னாக்கி ஒன்றை வைத்து, அதன் புலமின்னோட்டத்தை மாற்றி வேகத்தை ஆளும் முறைக்கு அவர் 1891இல் காப்புரிமை பெற்றார். சிறு கருவிகளுக்கு அத்தகைய ஏற்பாடு கட்டுப்படியாகாததால், மோட்டாருடன் தொடரில் மாறு மின்தடையை இணைப்பதே நெடுங்காலம் வழக்காயிருந்தது.

தமிழ்நாட்டில், கோவையில் 1937 முதல் வளர்ந்த மோட்டார்த் தொழில் பெரும்பாலும் ஒரே வேகத்தில் ஓடும் பம்புசெட்டுகளைச் சார்ந்திருந்தமையால், வேகக் கட்டுப்பாட்டை மக்கள் அன்றாடம் கைதொட்டு அறிந்தது வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரில்தான். விசிறியின் மோட்டார் மாறுமின்னோட்டத்தில் இயங்கும் வேறு வகையைச் சேர்ந்ததேயெனினும், பழைய ரெகுலேட்டர் பெட்டியின் கம்பித்தடை வேகம் குறைக்கப்படும்போது சூடாவதும், மாதிரி ரயிலின் மின்தடை சூடாவதும் ஒரே காரணத்தால் நிகழ்பவை: மோட்டாருக்குச் சேராத மின்னாற்றல் தடையில் வெப்பமாகிறது. அன்றியும், சுமை ஏறும்போது மின்னோட்டம் மிகுந்து தடையில் அழுத்தம் மேலும் இழக்கப்படுவதால், வேகம் திடுமெனச் சரிகிறது.

இக்குறையை நீக்கியது மின்னழுத்தத்தைக் குறைக்காமல், அதை மிக விரைவாக இணைத்தும் துண்டித்தும் ஊட்டும் துடிப்பகலப் பண்பேற்ற முறை. 12 வோல்ட் பாதி நேரம் மட்டும் ஊட்டப்பட்டால், மோட்டாருக்குச் சராசரியாக 6 வோல்ட் கிடைக்கிறது. இவ்வாறு இணைத்துத் துண்டிக்கும் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்தோ மூடியோ இருப்பதால் அதில் வெப்பம் மிகக் குறைவு. ஹான்ஸ் காமன்சிண்டு வடிவமைத்து, சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1972இல் சந்தைக்குக் கொண்டுவந்த 555 காலச்சில்லு, இத்துடிப்புகளை ஆக்கும் சுற்றை மலிவாக்கியது. துண்டிக்கும் கணத்தில் கம்பிச்சுருளில் எழும் உயரழுத்தம் டிரான்சிஸ்டரைச் சிதைக்காதிருக்க, மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு இணைக்கப்படுகிறது.

2005இல் இத்தாலியின் இவ்ரியாவில் தோன்றிய ஆர்டுயினோ என்னும் நுண்கட்டுப்படுத்திப் பலகையில் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணை எழுதினாலே துடிப்பகலம் அமைந்துவிடுகிறது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருக் கடைகளில் இப்பலகைகளும் மோட்டார் இயக்கிகளும் கிடைக்கின்றன. 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் பள்ளி ஆய்வகங்கள் ஆறாம் வகுப்பு முதலே மாணவரிடம் இவற்றைக் கொண்டுசேர்த்தன. பரவலாக வாங்கப்படும் எல்298என் இயக்கி ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தன்னுள் இழப்பதால், பேட்டரியில் ஓடும் சிறு வண்டிகளுக்கு இழப்புக் குறைந்த மாஸ்ஃபெட் இயக்கிகளே ஏற்றவை.