ராஜாக்கள் கைவிட்ட ஊர்

தெஹ்ரியை முதலில் விட்டுப்போனது அதைக் கட்டிய ராஜகுடும்பம்தான். அணையெல்லாம் அப்புறம் வந்த கதை.

1815-ல் கூர்க்காக்களை விரட்டிக் கொடுத்ததற்குக் கூலியாக, கட்வால் ராஜ்ஜியத்தின் கிழக்குப் பாதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பழைய தலைநகர் ஸ்ரீநகரும் அதோடு போய்விட்டது (காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை, இது அலகநந்தா கரையில் இருப்பது). மிச்ச நாட்டோடு நின்ற சுதர்சன் ஷா, பாகீரதியும் பிலங்கனாவும் கூடுகிற இடத்தில் புதுத் தலைநகரம் அமைத்தார். அவருடைய குதிரை அங்கேதான் நின்றுவிட்டது என்று ஒரு கதை உண்டு. ஊர் பிறந்த கதைகளில் குதிரையோ மாடோ வந்து நிற்காமல் இருக்குமா என்ன!

அவருக்குப் பின் வந்த ராஜாக்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கு பிடிக்கவில்லை போல. பிரதாப் ஷா மலைமேல் பிரதாப்நகர் கட்டினார். கீர்த்தி ஷா 1897-ல், விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காகத் தெஹ்ரியில் ஒரு மணிக்கூண்டு எழுப்பினார். தன் பேரில் கீர்த்திநகரும் கட்டிக்கொண்டார். நரேந்திர ஷா 1920-களில் தலைநகரத்தையே நரேந்திரநகருக்குக் கொண்டுபோனார். சரி, ராஜா போனா ஊர் போயிடுமா? கடைத்தெருவும் மணிக்கூண்டும் சிறைச்சாலையும் அங்கேதான் இருந்தன. மெல்ல அது ஜனங்களின் ஊராக ஆனது.

அந்தச் சிறையில்தான் ஸ்ரீதேவ் சுமன் இறந்தார். சமஸ்தானத்தில் மக்களுக்கு உரிமை கேட்டவர். 1944 மே 3 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார், 84-வது நாள் உயிர் போனது. உடலை ஊர்க்காரர்களிடம் கொடுக்காமல் ராத்திரியோடு ராத்திரியாகப் பிலங்கனா ஆற்றில் வீசிவிட்டார்கள். ஐந்தே வருடத்தில், 1949-ல், சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது.

சுமனைப் பதின்மூன்று வயதில் சந்தித்த ஒரு பையன், அதே ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிறகு தானும் பட்டினி கிடந்தான். சுந்தர்லால் பகுகுணா. 1995-ல் 45 நாள், 1996-ல் டெல்லி ராஜ்காட்டில் 74 நாள். முன்னது ராஜாவுக்கு எதிரான பட்டினி, பின்னது அந்த ராஜாவை அகற்றிவிட்டு வந்த குடியரசுக்கு எதிரானது. ஊரே மூழ்கிய துக்கத்தைவிட இந்த ஒற்றுமைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

அணைக்குத் திட்டக்குழு ஒப்புதல் தந்தது 1972-ல். வேலை தொடங்கியது 1978-ல். ஊர் மூழ்கத் தொடங்கியது 2004-ல். இடையில் இருப்பது 26 வருடம். மூழ்கப்போகிற வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? அந்த வருடங்களில் தெஹ்ரியில் பிறந்த குழந்தை, தன் ஊர் போகப்போகிறது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்து, கல்யாண வயசுக்கு வந்திருக்கும். நடுவில் 1991-ல் உத்தரகாசியில் பூகம்பம் வந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 260.5 மீட்டர் உயரத்தில் இங்கே அணை கட்டலாமா என்ற கேள்வி அப்போது உரக்க எழுந்தது. 2003-ல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

நஷ்ட ஈட்டுச் சண்டைதான் இதில் நீளமானது. கணக்கு குடும்பத் தலைவரை வைத்துப் போடப்பட்டது. இருபது வருடத்தில் பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனதைக் கணக்கு பார்க்கவில்லை. ஹனுமந்த ராவ் குழு 1997-ல் அதைச் சரிசெய்யப் பரிந்துரைத்தது. அரசு அதில் ஒரு பகுதியைத்தான் ஏற்றது. கிராமத்து ஆட்கள் பலரை டேராடூன், ஹரித்வார் சமவெளிக்கு அனுப்பினார்கள். படிக்கட்டு வயலில் உழைத்தவர்களுக்குத் தட்டை நிலம்.

நகரத்துக்காரர்களுக்குப் புதிய தெஹ்ரி. 1500 மீட்டருக்கு மேல், மலைச்சரிவில் கட்டிய ஊர். பழைய ஊர் ஏரியின் முழு மட்டமான 830 மீட்டருக்கும் கீழே கிடந்தது. ஆக, ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் செங்குத்தாக மேலே போனார்கள். வெயில் வேறு, குளிர் வேறு. ஆறு எங்கோ கீழே. மணிக்கூண்டுக்கு அங்கே ஒரு நகல் கட்டினார்கள். சுமனைப் பூட்டிய விலங்குகளைப் புதிய சிறைக்குக் கொண்டுவந்தார்கள்; ஜூலை 25 அன்று ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். கூடுதுறையை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

2005 அக்டோபர் 29 அன்று கடைசிச் சுரங்கவழியை அடைத்தார்கள். 2006-ல் மின்சாரம் வந்தது, முதல் கட்டத்தில் 1000 மெகாவாட். டெல்லிக்குக் குடிதண்ணீரும் இங்கிருந்துதான் போகிறது.

பிரதாப் ஷாவின் மலை ஊர் மூழ்கவில்லை. அதனால் பிரதாப்நகர்ப் பக்கத்தவர் பலர் ‘வெளியேற்றப்பட்டவர்’ பட்டியலில் வரவில்லை. ஆனால் அவர்கள் கடந்துவந்த பழைய பாலங்கள் தண்ணீருக்குள் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் ஏரியைச் சுற்றிப் பல மணி நேரம் போகணும். டோப்ரா-சாண்டி பாலத்துக்கான வேலை 2006-ல் தொடங்கியது. நீளம் 725 மீட்டர். திறந்தது 2020 நவம்பரில்.