பாதிக் காசு

ஃப்ளாரன்ஸ் நகரைச் சுற்றிப் பார்ப்பதற்கு எழுதப்பட்ட கையேடுகள் எல்லாம் குழந்தை இல்லாதவர்கள் எழுதியவை என்று தோன்றும். தேவாலயக் குவிமாடத்தின் உச்சிக்கு 463 படிகள், மின்தூக்கி கிடையாது. உஃபிஸி கலைக்கூடத்தில் மணிக்கணக்கில் நடக்கவேண்டும். ஏழு வயது மகளும் மூன்றரை வயது மகனும் கூட வந்தால் பட்டியலில் பாதி தானாகக் கழன்றுவிடும். எங்களுக்கும் இரண்டாம் நாள் அப்படித்தான் ஆனது. குவிமாடத்தைக் கீழிருந்தே பார்த்துக்கொண்டு, வடக்குப் பக்கம் பத்து நிமிட நடையில் இருக்கும் சாந்திஸ்ஸிமா அன்னுன்சியாத்தா சதுக்கத்துக்குப் போனோம். கூட்டம் குறைவு, ஓடுவதற்கு இடம் உண்டு, உட்காருவதற்குப் படிகள் உண்டு. அந்தச் சமயத்தில் எங்களுக்கு மறுமலர்ச்சிக் காலத்திடமிருந்து வேறெதுவும் தேவைப்படவில்லை.

மகள்தான் முதலில் மேலே பார்த்தாள். "அப்பா, அந்தப் பாப்பாவையெல்லாம் ஏன் துணியால கட்டி வச்சிருக்காங்க?"

நீல வட்டங்களுக்குள் வெள்ளைக் குழந்தைகள். வளைவுகளுக்கு நடுவே, வட்டத்துக்கு ஒன்றாக, கைகளை விரித்தபடி, இடுப்புக்குக் கீழே துணி சுற்றப்பட்டு நிற்கின்றன. 1487இல் ஆந்த்ரேயா தெல்லா ராபியா செய்த சுடுமண் பதக்கங்கள். கை கால் நேராக வளரும் என்று நம்பி அந்தக் காலத்தில் கைக்குழந்தைகளை இப்படிச் சுற்றிவைப்பார்கள். உற்றுப் பார்த்தால் ஒரு குழந்தையைப் போல இன்னொன்று இல்லை. சிலவற்றுக்குத் துணி அவிழ்ந்து தொங்குகிறது.

அந்தக் கட்டடம் ஒஸ்பெதாலே தெக்லி இன்னொசெந்தி. 'அறியாச் சிசுக்களின் இல்லம்' என்று சொல்லலாம். பெற்றோரால் விடப்பட்ட குழந்தைகளுக்காக மட்டும் கட்டப்பட்டது. ஐரோப்பாவில் அப்படிப்பட்ட நிறுவனங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. பிராட்டோ ஊர் வணிகர் ஃப்ரான்செஸ்கோ தாத்தீனி 1410இல் இறந்தபோது இதற்கென 1000 ஃப்ளோரின் எழுதிவைத்தார். பட்டு வணிகர்களின் சங்கம் பொறுப்பேற்றது. பொற்கொல்லர்களும் அந்தச் சங்கத்தில்தான் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அப்படி உறுப்பினராக இருந்த ஒருவரிடமே 1419இல் வேலையைக் கொடுத்தார்கள். அவர் ஃபிலிப்போ புரூனலெஸ்கி. அடுத்த ஆண்டு அவர் தொடங்கியதுதான் நாங்கள் ஏறாமல் விட்ட குவிமாடம்.

கட்டடக்கலை மாணவர்களுக்கு இந்த முகப்பு ஒரு பாடம். ஒன்பது வளைவுகள். தூணின் உயரம், தூண்களுக்கு இடையிலான அகலம், தாழ்வாரத்தின் ஆழம் மூன்றும் ஒரே அளவு. ஒரு கனசதுரத்தை வரைந்து ஒன்பது முறை திரும்ப எழுதியதுபோல இருக்கும். நிரல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது பிடிக்காமல் போகுமா? ஆனால் அன்று என்னை நிறுத்திவைத்தது அந்தத் தாழ்வாரத்தின் இடது கோடியில் இருக்கும் சின்ன ஜன்னல்.

முதலில் அங்கே ஒரு கல்தொட்டிதான் இருந்தது. 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது, ஒரு பெண். அன்று புனித ஆகத்தாவின் திருநாள். அதனால் ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள். தொட்டி போய்ப் பின்னாளில் இரும்புக் கம்பி ஜன்னல் வந்தது. பச்சிளம் குழந்தை மட்டுமே நுழையும் அளவுக்குத்தான் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. 1875இல் அந்த ஜன்னலை மூடினார்கள். அதாவது தொட்டியும் ஜன்னலுமாக 430 ஆண்டுகள்.

யார் விட்டுப்போனார்கள்? பஞ்சத்தில் இன்னொரு வாய்க்கு வழியில்லாதவர்கள், கணவனை இழந்தவர்கள். கூடவே, அதிகம் பேசப்படாத ஒரு கூட்டம் உண்டு. 1348 கொள்ளைநோய்க்குப் பிறகு வேலைக்கு ஆள் கிடைக்காமல், ஃப்ளாரன்ஸ் செல்வந்தர்கள் கருங்கடல் பக்கத்திலிருந்து அடிமைப் பெண்களை வாங்கினார்கள். தொடக்க காலத்தில் இங்கே வந்த குழந்தைகளில் கணிசமானவை அந்தப் பெண்களுக்கு எஜமானர் வீடுகளில் பிறந்தவை. உயில் எழுதிய தாத்தீனிக்கே லூசியா என்ற அடிமைப் பெண்ணிடம் ஒரு மகள் உண்டு. பெயர் ஜினேவ்ரா. அவளைத் தன் வீட்டிலேயே வளர்க்க அவரால் முடிந்தது. எல்லா எஜமானர்களும் அப்படிச் செய்யவில்லை. செய்யாதவர்களுக்கு இந்த இல்லம் வசதியாக இருந்தது. கருணைக்கும் வசதிக்கும் ஒரே வாசல்தான் என்பதை ஏற்றுக்கொண்டால்தான் இந்தக் கட்டடம் புரியும்.

உள்ளே வந்த குழந்தைக்கு முதலில் நடந்தது எழுத்துவேலை. 'செவிலியரும் குழந்தைகளும்' என்ற பொருள்படும் பெயரில் பெரிய பெரிய பேரேடுகள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தார், என்ன துணி உடுத்தியிருந்தது, கூட ஏதாவது சீட்டு இருந்ததா என்று எழுதினார்கள். அதே பதிவில் பிறகு சேர்ந்துகொண்டே போகும்: எந்தக் கிராமத்துச் செவிலித்தாயிடம் பால் குடிக்க அனுப்பப்பட்டது, எவ்வளவு கூலி, எப்போது திரும்பியது. பையன் என்றால் ஏதாவது தொழிலில் சேர்த்துவிடுவார்கள். பெண் என்றால் பட்டுநெசவு கற்றுக்கொடுத்து, சீதனம் கொடுத்துக் கட்டிவைக்கப் பார்ப்பார்கள். சீதனத்துக்குப் பணம் இல்லாமல் 16ஆம் நூற்றாண்டில் வளர்ந்த பெண்கள் நூற்றுக்கணக்கில் உள்ளேயே தங்கிப்போனார்கள். பல பதிவுகள் அதுவரைகூடப் போவதில்லை, ஒரு சாவுக் குறிப்போடு நின்றுவிடும். சில ஆண்டுகளில் வந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வயதைத் தாண்டவில்லை.

தகவல்களைச் சேமித்துத் தேடித்தருவது என் தொழில். அங்கே ஒரு பயனரின் பதிவு நின்றுபோனால் நாங்கள் அதைச் சுத்தம் செய்துவிடுவோம். இங்கே எழுதியவர்கள் ஒன்றையும் அழிக்கவில்லை. மூன்று நாள் மட்டுமே இருந்த குழந்தைக்கும் பெயர் இருக்கிறது, போர்த்தியிருந்த துணியின் நிறம் இருக்கிறது.

இப்போது கட்டடத்தின் ஒரு பகுதி அருங்காட்சியகம். மேல்மாடியில் கிர்லாந்தாயோ 1488இல் முடித்த 'மூவரசர் வணக்கம்' ஓவியம் இருக்கிறது. முன்வரிசையில், அரசர்களுக்குப் பக்கத்தில், வெள்ளை ஆடை போட்ட இரண்டு சிறு குழந்தைகள் மண்டியிட்டிருக்கிறார்கள். உடம்பில் காயங்கள். ஏரோது மன்னன் கொன்ற சிசுக்கள் அவர்கள். இல்லத்துக்குப் பெயர் வந்ததும் அவர்களால்தான். தாய்மடியில் இருக்கும் தெய்வக் குழந்தையின் எதிரே தாயில்லாத இரண்டு குழந்தைகள். இந்த வீட்டுப் பிள்ளைகள் தினமும் ஜெபம் செய்த கோவிலின் பீடத்துக்காகத்தான் இதை வரைந்தார்.

கீழே ஒரு அறையில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். 19ஆம் நூற்றாண்டில் குழந்தைகளோடு சேர்த்து விடப்பட்ட அடையாளப் பொருள்கள் அவற்றில் இருக்கின்றன. என் மகனுக்கு இழுப்பறை என்றால் உயிர். ஒன்றைத் திறப்பான், மூடுவான், அடுத்ததுக்கு ஓடுவான். மகள் நின்று பார்த்தாள். பாதியாக வெட்டிய காசு, பாதியாக உடைத்த பதக்கம், ஒரு மணி, ஒரு துண்டு ரிப்பன். பக்கத்தில் குழந்தையின் பெயர்.

"ஏம்ப்பா எல்லாம் பாதியா இருக்கு?"

"மீதிப் பாதி அம்மாகிட்ட இருக்கும். அவங்க திரும்பி வந்தா ரெண்டையும் சேத்துப் பாப்பாங்க. பொருந்தினா அது அவங்க பாப்பா."

"வந்தாங்களா?"

சிலர் வந்தார்கள் என்றேன். அது உண்மை, பேரேடுகளில் அதுவும் இருக்கிறது. பெரும்பாலோர் வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. தம்பி திறந்து போட்டிருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தாள். என் மனைவி பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் இறங்க வேண்டும் என்று அழுதும் இறக்கிவிடவில்லை.

ஒரு காசைப் பாதியாக வெட்டுவது சுலபமில்லை. பட்டறைக்குப் போகவேண்டும், அல்லது ஒரு உளியும் சுத்தியும் கடன் வாங்கவேண்டும். குழந்தை பிறந்து ஒன்றிரண்டு நாளில், அதைக் கொண்டுபோய் விடப்போகிற இரவுக்கு முன்னால், யாரோ அந்த வேலையை உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். கைவிடுவது என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். திரும்பி வருவோம் என்று நினைக்காதவர்கள் காசை வெட்டமாட்டார்கள்.

இந்த நகரத்தின் பொற்காலத்தைக் குவிமாடத்தையும் உஃபிஸி ஓவியங்களையும் வைத்துச் சொல்வதே வழக்கம். பட்டுப் பணத்தில், பட்டு வணிகர் சங்கத்தின் பொறுப்பில் எழுதப்பட்ட இந்தப் பேரேடுகளும் அந்தப் பொற்காலம்தான். இன்றும் இத்தாலியத் தொலைபேசிப் புத்தகத்தில் இன்னொசெந்தி, நொசென்தீனி என்ற குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. முன்னோரில் ஒருவர் இந்த வாசல் வழியாக வந்திருக்கலாம் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. கட்டடத்தில் இப்போது மழலையர் பள்ளி நடக்கிறது. அங்கே காலையில் விடப்படும் குழந்தைகளைச் சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள்.