போகவிடாத மன்னர்

1496 டிசம்பரில் போர்ச்சுக்கல் மன்னர் முதலாம் மானுவேல் ஓர் ஆணையிட்டார். அடுத்த அக்டோபருக்குள் யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேறிவிட வேண்டும். காரணம், ஒரு கல்யாணம். ஸ்பெயின் அரச தம்பதியின் மகள் இசபெல்லாவை மணக்க அவர் விரும்பினார். யூதர்களை வெளியேற்றினால்தான் பெண் என்பது பெண் வீட்டார் நிபந்தனை. 1492-ல் அதே ஸ்பெயின் துரத்தியபோது எல்லை தாண்டி வந்தவர்கள் இங்கே ஏராளம்.

ஆனால், அவர்களை அனுப்பிவிட மன்னருக்கு மனமில்லை. மருத்துவர்கள், வணிகர்கள், கைவினைஞர்கள் எல்லோரும் போய்விட்டால் கஜானா என்னாவது? ஆளும் போகக்கூடாது, யூதர் என்ற பெயரும் இருக்கக்கூடாது. அதற்கு அவர் கண்ட வழி கொடூரமானது.

1497 ஈஸ்டர் சமயத்தில், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிள்ளையைப் பிரிய முடியாத பெற்றோர் பலர் தாங்களும் மதம் மாறினர். ஃபெர்னாண்டோ கொட்டின்யோ என்ற ஆயர் இந்தக் கட்டாயத்தை எதிர்த்தார். பலர் தலைமுடியைப் பிடித்து ஞானஸ்நானத் தொட்டிக்கு இழுத்துவரப்பட்டதைக் கண்ணால் கண்டதாகப் பின்னாளில் எழுதினார். திருச்சபைக்குள்ளேயே அப்படி ஒரு குரல் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மிஞ்சியவர்கள் கப்பலேற லிஸ்பனுக்கு வந்தார்கள். எஸ்டாவுஸ் அரண்மனையில் ஆயிரக்கணக்கானோரை அடைத்து, அன்னம் தண்ணீர் மறுத்து, பெரும்பாலோரை மதம் மாற்றினார்கள். இதைச் செய்தது சமயப் பற்று என்று நான் நம்பவில்லை. உங்கள் நம்பிக்கையை 20 ஆண்டுகளுக்கு யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்று மன்னரே வாக்குக் கொடுத்தாரே! 1499-ல் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போகவும் தடை வந்தது.

இப்படி உருவானவர்கள்தான் 'புதிய கிறிஸ்தவர்கள்'. அக்கம்பக்கத்தாரோ அவர்களை யூதர்களாகவே பார்த்தனர். 1506 ஏப்ரலில், கொள்ளைநோய் பரவியிருந்த லிஸ்பனில், தேவாலயச் சிலுவையில் தெரிந்த ஒளி அற்புதம்தானா என்று ஒரு புதிய கிறிஸ்தவர் ஐயம் எழுப்பினார். அவரை அடித்தே கொன்றது கூட்டம். துறவிகள் சிலர் தூண்டிவிட, மூன்று நாள் வெறியாட்டத்தில் சுமார் 2,000 பேர் மாண்டார்கள்.

1536-ல் போர்ச்சுக்கலிலும் இன்குவிசிஷன் எனும் சமய விசாரணை மன்றம் அமைந்தது. பின்னர் அது குடியேறிய இடம், அதே எஸ்டாவுஸ் அரண்மனை.

மன்றம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1534-ல், கார்சியா டா ஓர்ட்டா என்ற மருத்துவர் கோவாவுக்குக் கப்பலேறிவிட்டார். ஸ்பெயினிலிருந்து வந்து மதம் மாற்றப்பட்ட யூதப் பெற்றோரின் மகன் அவர். இந்திய மூலிகைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1563-ல் கோவாவில் அச்சானது. 1568-ல் இறந்தார். 1580-ல் அவரது எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தது கோவா இன்குவிசிஷன். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)